சொர்ணபாய் துணி காயப்போட்ட இடம்

கார்த்திகையில் மலைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டால் தை பிறந்த பிறகுதான் சூரியன் எழுந்து வரும் ஊர் ஒன்று நார்வே நாட்டின் வடக்கு நுனியில் இருந்தது. கிராவிக் என்று அதற்குப் பெயர். சிவப்பும் மஞ்சளுமாய் மர வீடுகளும், ஒரு மீன் ஆலையும், ஒரு பள்ளிக்கூடமும், ஒரு முதியோர் இல்லமும், கூரான கோபுரம் வைத்த ஒரு தேவாலயமும் தவிர வேறெதுவும் இல்லாத அந்த ஊருக்கு, கிறிஸ்மஸ் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், மெஞ்ஞானபுரத்திலிருந்து போதகர் வேதக்கண்ணும் அவர் மனைவி சொர்ணபாயும் விடுமுறையைக் கழிக்க வந்து இறங்கினார்கள்.

இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். கல்யாணமான கையோடு ஒடிசாவின் மலைக்காட்டுக்கு மிஷனரிகளாகப் போனவர்கள், தலை நரைத்த பிறகுதான் திரும்பி வந்தார்கள். அந்த மலையில் அவர் பிரசங்கம் செய்தார், கிணறு வெட்டினார், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். சொர்ணபாய் பிரசவம் பார்த்தாள், காய்ச்சலுக்குக் கஷாயமும் மாத்திரையும் கொடுத்தாள். அவர்களுக்கு ஒரே மகள், கெத்சியாள். பக்கத்து நிலையத்தில் இன்னொரு மிஷனரியின் குழந்தையை மலேரியா கொண்டுபோன வருஷம், ஆறு வயதுகூட நிறையாத கெத்சியாளைப் பாளையங்கோட்டையில் ஒரு விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மே மாதம் மட்டும் அவள் மலைக்கு வருவாள். கிறிஸ்மஸ் விடுமுறை அதற்குப் போதாது; ரயிலும் பஸ்ஸும் ஏறி, பிறகு மலை ஏறி அவள் வந்து சேரும்போது திரும்பிப் போகிற நாள் வந்துவிடும். அதனால் பள்ளிக்கூடத்து வருஷங்கள் முழுக்க அவளுக்கு விடுதியில்தான் கிறிஸ்மஸ்.

அவள் படித்து நர்ஸாகி, எங்கெங்கோ வேலை பார்த்து, கடைசியில் கிராவிக்கின் முதியோர் இல்லத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. தனியாக இருந்தாள். அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் ஃபோன் பண்ணி, "இந்தக் கிறிஸ்மஸுக்கு நீங்க ரெண்டு பேரும் இங்க வாங்க. நாம மூணு பேர் மட்டும் இருப்போம்" என்றாள். வேதக்கண் நார்வேயில் எவ்வளவு குளிர் என்று விசாரித்தார். சொர்ணபாய்க்கு மட்டும் 'மூணு பேர் மட்டும்' என்ற சொல் காதிலேயே தங்கிவிட்டது.

மகளின் காரில் ஊருக்குள் வரும்போது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கடிகாரம் மதியம் என்றது.

"இது பகலா, ராத்திரியா பிள்ள?" என்றார் வேதக்கண்.

"பகல்தான்ப்பா. இங்க பகல் இப்படித்தான் இருக்கும்."

"ஆண்டவரே" என்றார் அவர், ஜெபமாக இல்லாமல் பேச்சாக.

மறுநாள் கெத்சியாள் வேலைக்குப் போன பிறகு சொர்ணபாய் பிரயாணத்தில் அழுக்கான துணிகளைக் கையால் துவைத்தாள். இயந்திரத்தை அவள் நம்பவில்லை. ஈரத்துணியை வீட்டுக்குள் தொங்கவிட்டால் வாடை அடிக்கும் என்று சொல்லி, மகளின் பூட்ஸை மாட்டிக்கொண்டு, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். முழங்கால் அளவு பனி கிடந்தது. விறகுக் கொட்டகையின் ஆணிக்கும் ஒரு மரத்துக்கும் நடுவே நைலான் கயிறு கட்டினாள். முதல் சேலையை உதறிக் கயிற்றில் போட்டபோது, அதன்மேல் வெயில் விழுந்தது.

அது மெஞ்ஞானபுரத்துக் காலை பத்து மணி வெயில். வானம் கருநீலமாகத்தான் இருந்தது, நட்சத்திரங்களும் இருந்த இடத்தில் இருந்தன, வேலிக்கு அந்தப் பக்கம் இருட்டு இருட்டாகவே கிடந்தது; ஆனால் கொட்டகையிலிருந்து மரம் வரைக்கும், நான்கு கட்டில்களைச் சேர்த்துப் போடக்கூடிய ஓர் இடத்தில் மட்டும் வெயில் சாய்ந்து விழுந்து, சேலையின் பச்சைக் கரையைப் பளபளக்க வைத்து, சொர்ணபாயின் முதுகைச் சுட்டு, பனியைச் சொட்டுச் சொட்டாய்க் கரைத்து அடியில் கிடந்த பழுப்புப் புல்லை வெளியே கொண்டுவந்தது. சொர்ணபாய் நிமிர்ந்து பார்த்தாள். நல்லதாகப் போயிற்று என்று மற்றத் துணிகளையும் காயப்போட்டாள்.

அடுத்த வீட்டுக் கிழவர் தூர்ஸ்டைன், வேலை செய்த காலம் முழுக்கப் படகோட்டியவர், சமையலறை ஜன்னலில் நின்று இதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சப்பாத்து மாட்டி, ஒரு மடக்கு நாற்காலியையும் காப்பிக் குடுவையையும் எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டி வந்து, வெயிலுக்கு நடுவே நாற்காலியை விரித்து, சொர்ணபாய்க்குத் தலையசைத்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். சொர்ணபாய் அவர் தலையில் தண்ணீர் சொட்டாதபடி உள்பாவாடையைச் சற்றுத் தள்ளிப் போட்டாள்.

சாயங்காலத்துக்குள் குகதாசன் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் வந்து, மீன் ஆலையிலேயே தலை வழுக்கையாகிப்போன மனிதர். கெத்சியாளை விட்டால் ஊரில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் என்று தூர்ஸ்டைன் அவரைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

"அம்மா, இந்த வெயில் நீங்கள் கொண்டு வந்ததோ?" என்று கேட்டார்.

"நான் எங்க தம்பி கொண்டு வந்தேன். துணி காயப்போட வந்தேன், அது வந்துட்டுது."

குகதாசன் கையை வெளிச்சத்துக்குள் நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லது" என்றார். "வீட்டில மிளகாய் கிடக்கு. நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்."

அப்படித்தான் கிராவிக் அந்த வெயிலைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டது. மறுநாள் முட்டிவலிக்காரர்கள் வந்தார்கள், அதற்கு மறுநாள் கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள், பாதிரியாராக இருந்த அம்மாள் வந்து ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை அங்கே உட்கார்ந்து எழுதினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் நிழல்களை மிதித்து விளையாடினார்கள், ஒருத்தி தன் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்து உலர்த்தினாள், ஊர்ப் பூனைகள் யாரையும் கேட்காமல் கொட்டகைச் சுவரோரம் இடம்பிடித்தன. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை; எத்தனை மணிக்கு வரலாம் என்றுதான் கேட்டார்கள். சொர்ணபாய் வெளியே இருக்கும்வரை வெயில் இருந்தது, சோறு பார்க்க உள்ளே போனால் மங்கியது, திரும்பி வந்தால் வந்தது. இது தெரிந்ததும் நகராட்சித் தலைவி ராக்னில்ட் ஆட்டுத்தோல் விரித்த ஒரு சாய்வு நாற்காலியைத் தன் வீட்டிலிருந்தே தூக்கிவந்து போட்டு, சொர்ணபாயின் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னாள். பிறகு வந்தவர்களுக்கு முறை வைத்தாள்: முதலில் முதியவர்கள், பிறகு பிள்ளைகள், கடைசியில் ஆலையில் வேலை முடித்து வருகிறவர்கள்.

மேட்டுத்தெருக்காரர்களுக்கு மட்டும் மனத்தாங்கல் இருந்தது. வெயில் ஏன் ஒரே தெருவில் விழ வேண்டும், அந்த அம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் எங்கள் பக்கம் வந்து உட்காரட்டும் என்றார்கள். நியாயம்தான் என்று சொர்ணபாயைக் காரில் ஏற்றி மேட்டுத்தெருவுக்கு அழைத்துப்போய், ஒரு தோட்டத்தில் உட்கார வைத்து, சுற்றி நின்று காத்திருந்தார்கள். வெயில் வரவில்லை. அவளுக்குப் பல் கிடுகிடுத்ததுதான் மிச்சம். மன்னிப்புக் கேட்டு, சூடான வாஃபிள் அப்பம் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு மேட்டுத்தெருவும் வரிசையில் நின்றது.

வேதக்கண்ணுக்கு வயது குறைந்துபோனது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து காலையில் எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவர், இப்போது கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு வேலி வாசலில் நின்றார். வருகிறவர்களின் கையைப் பிடித்தார். குகதாசனை நடுவில் வைத்துப் பெயர் கேட்டார், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார், வலிக்கிற முட்டியில் கை வைத்துத் தமிழில் ஜெபித்தார். அவர்களுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் கண்ணை மூடி நின்றார்கள்.

"ஐயாவுக்கு எல்லாற்ற பேரும் மனப்பாடம்" என்று குகதாசன் வியந்தார். "நான் இத்தனை வருசம் இருந்தும் எனக்குத் தெரியாது."

கெத்சியாள் வேலை முடிந்து வரும்போது வாசலில் முன்பின் தெரியாத சப்பாத்துகள் கிடக்கும். சமையலறையில் யாரோ தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். அம்மா நாளெல்லாம் வெயிலில் உட்கார்ந்த அசதியில், முகம் கன்றிப்போய், விளக்கு வைக்கும் நேரத்துக்கே தூங்கிப்போயிருப்பாள். அப்பா மட்டும் விழித்திருந்து, அவளுடைய ஊரைப் பற்றி அவளுக்கே சொல்லுவார்.

"தூர்ஸ்டைனுக்கு ஒரு மகன் உண்டாமே. ஆஸ்லோவுல இருக்கானாம். பேசறதே இல்லியாம். உனக்குத் தெரியுமா பிள்ள?"

"தெரியாதுப்பா."

"பக்கத்து வீடுதானே. ஒரு வார்த்தை கேக்கலியா?"

கெத்சியாள் சோற்றைச் சூடுபண்ணித் தனியே சாப்பிட்டாள். அவள் ஒரு நாளும் பின்பக்கம் போகவில்லை. முன்வாசல் வழியாகப் போனாள், முன்வாசல் வழியாக வந்தாள். ஊரிலேயே அந்த வெயில் படாத உடம்பு அவளுடையது ஒன்றுதான்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள்தான் அந்த ஊரில் பெரிய பண்டிகை. அன்றைக்கு மத்தியானம் ஊர் முழுவதும் அந்த வெயிலில் கூடிப் பாட வேண்டும் என்று ராக்னில்ட் கேட்டாள். அவள் கேட்டு முடிக்கும் முன்பே வேதக்கண் சரி என்றார். சாப்பாட்டு மேசையில் மகளிடம் சொன்னபோது அவர் முகம் பிரகாசமாக இருந்தது.

"சரின்னு சொல்லிட்டீங்களா?" என்றாள் கெத்சியாள்.

"சொல்லிட்டேன். சந்தோஷமான காரியம்தானே."

"நாம மூணு பேர் மட்டும்னு சொல்லித்தானே கூப்பிட்டேன்."

"சாயங்காலம் நாம மூணு பேருந்தானே இருக்கப் போறோம். பகல்ல ஒரு மணி நேரம். வெளிச்சமே பாக்காத சனங்க, பாவம். வேண்டாம்னு சொல்ல நாம யாரு?"

கெத்சியாள் கோபப்படவில்லை. தட்டில் இருந்த மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கினாள். "சின்னப் பிள்ளையா இருக்கும்போதும் இதே பதில்தான்ப்பா. பாவம் அந்த சனங்க. பாவம்தான், நான் இல்லைன்னு சொல்லல" என்றாள். எழுந்து தட்டைக் கழுவினாள்.

மறுநாள் காலையில், தன்னோடு வேலை பார்க்கிற ஒருத்தியின் பண்டிகை டியூட்டியைத் தான் எடுத்துக்கொண்டதாகச் சொன்னாள். "அவளுக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்கும்மா. கிறிஸ்மஸுக்கு அம்மா வீட்ல இருந்தா பிள்ளைங்களுக்கு நல்லாருக்கும்."

குத்திக்காட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் சொர்ணபாய் தாங்கியிருப்பாள். ஒரு நல்ல நர்ஸின் குரலில் சொன்னாள். அன்றைக்குச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது சொர்ணபாய்க்கு ஒரு மே மாதம் நினைவுக்கு வந்தது. மகள் மலைக்கு வந்திருந்த நேரம், தூரத்து மலையில் ஒருத்திக்குப் பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று கூப்பிட்டார்கள். போனாள். தாயையும் பிள்ளையையும் பிழைக்கவைத்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பி வந்தபோது, விடுமுறை முடிந்து கெத்சியாள் ரயிலுக்குப் புறப்பட்டுப் போயிருந்தாள். அவள் சாப்பிட்ட தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அப்போது சொர்ணபாய் அழவில்லை; பிழைத்த பிள்ளைக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னாள், கால் வலிக்கு வெந்நீர் வைத்தாள். இத்தனை காலம் கழித்து, நார்வேக்காரர்கள் சூழ உட்கார்ந்திருக்கையில், அந்தத் தட்டு அவள் கண்முன்னால் வந்து நின்றது. பக்கத்தில் இருந்த ஒரு பெண், வெயிலில் கண் கூசுகிறது என்று நினைத்துத் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள்.

பண்டிகை நாள் மத்தியானம் ஊரே வந்துவிட்டது. வேலியைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, தூர்ஸ்டைனின் தோட்டம் தாண்டித் தெரு வரைக்கும் நின்றார்கள். பிள்ளைகள் பனியைக் குடைந்து உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். முதியோர் இல்லத்திலிருந்து நடக்கக்கூடியவர்களை வண்டியில் அழைத்து வந்திருந்தார்கள். வேதக்கண் கோட்டுகளுக்கு மேல் வெள்ளை அங்கி அணிந்து, பாட்டைத் தொடங்கத் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார். எல்லோரும் பின்வாசலைப் பார்த்தார்கள்.

சொர்ணபாய் கதவைத் திறந்து வந்தாள். வெயில் விழுந்தது, இதுவரை இல்லாத அளவுக்கு அகலமாக, வேலி இருந்த இடத்தையும் தாண்டி விழுந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அவள் கையில் கைப்பை இருப்பதையும், கழுத்துவரை கோட்டுப் பொத்தான் போட்டிருப்பதையும் முதலில் கவனித்தது குகதாசன்தான்.

"தம்பி, இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் என் மககிட்ட போறேன். இன்னைக்கு இங்க இருக்க மாட்டேன்."

"அம்மா, ஒரு பத்து நிமிசம் இருந்திட்டுப் போகலாமே. சின்னப் பிள்ளையள் எல்லாம் வந்து நிக்கினம்."

"தெரியுது தம்பி. எம் பிள்ளையும் இப்படித்தான் நின்னுச்சு."

வேதக்கண் அங்கியைப் பிடித்துக்கொண்டு அவசரமாக வந்தார். "சொர்ணம், என்ன இது? இத்தனை பேருக்கு முன்னால. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீங்க குடுத்தீங்க. நீங்க இருந்து ஜெபம் பண்ணுங்க" என்றாள். அவரை எதிர்த்து அவள் சொன்ன முதல் பேச்சு அதுதான்; சத்தம் போடாமல் சொன்னாள். "நான் போகணும்."

கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் தெருவில் காலெடுத்து வைத்தபோது பின்னால் வெயில் அணைந்தது. குகதாசன் அவள் சொன்னதை நார்வேஜிய மொழியில் சொன்னார். ஒரு குழந்தை அழுதது, அதை அதன் தாய் தூக்கிக்கொண்டாள். பிறகு தூர்ஸ்டைனின் நாற்காலி மடங்கும் சத்தம் கேட்டது. பண்டிகை நாளில் தன் பிள்ளையிடம் போக வேண்டும் என்று ஒருத்தி சொன்னால் அதற்கு மேல் என்ன கேட்பது? ஒருவருக்கொருவர் நல்வாழ்த்துச் சொல்லிக் கலைந்தார்கள். ராக்னில்ட் மட்டும் டார்ச் விளக்கோடு ஓடி வந்து, வழுக்கும் இடங்களில் வெளிச்சம் காட்டிக்கொண்டு, முதியோர் இல்லத்து வாசல்வரை சொர்ணபாயோடு நடந்தாள்.

வண்டி ஏற முடியாத இரண்டு கிழவிகளுக்குக் கெத்சியாள் பால்கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா? அங்க ஆளுங்க எல்லாம்?"

"இருக்கட்டும்."

"அப்பா?"

"அவரும் இருக்கட்டும்."

கெத்சியாள் அம்மாவின் காலைப் பார்த்தாள், பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைப் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டாவது கிண்ணத்தை அவளிடம் நீட்டினாள். வேலை முடியும்வரை சொர்ணபாய் அங்கேயே இருந்தாள். இருவரும் கிழவிகளுக்கு வாய் துடைத்தார்கள், போர்வை மாற்றினார்கள், பாத்திரம் கழுவினார்கள். நடுவில் ஒரு தடவை கெத்சியாள் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கண் சிவந்து திரும்பி வந்தாள். சொர்ணபாய் அவள் தோளில் கலைந்திருந்த துணியைச் சரிசெய்தாள்.

பண்டிகை முடிந்த பிறகு சொர்ணபாய் மறுபடியும் துணி காயப்போட்டாள். வெயில் வரவில்லை. துணிகள் பலகைபோல் விறைத்துப்போயின. ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே கொண்டுவந்து அடுப்பருகில் சாய்த்து வைத்தாள். அவளுக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் திகைப்பு இல்லை. குகதாசன் பாதி காய்ந்த மிளகாயை எடுத்துப்போக வந்தார். "போகட்டும் அம்மா. தையில எங்கட சூரியன் வரும். அது லேற்றாத்தான் வரும், ஆனா வரும்" என்றார். நனைந்து கிடந்த பழுப்புப் புல்லைப் பனி மெல்ல மூடியது. சாய்வு நாற்காலியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

வேதக்கண்தான் தவித்துப்போனார். மனைவியிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு பின்வாசலில் போய் நின்றார். யாரும் வரவில்லை. இருட்டில் நாய் குரைக்கிற சத்தம் கேட்டது. உள்ளே வந்தார், மறுபடியும் போனார். வாழ்நாள் முழுவதும் யாராவது வந்து கூப்பிட்டு, கூப்பிட்ட இடத்துக்குப் போய்ப் பழகியவருக்கு, மனைவியும் மகளும் மட்டும் இருக்கிற ஒரு வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பது என்று தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெளியே ஒன்றும் தெரியாமல் கண்ணாடியில் தன் முகமே தெரிந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்தால் மகளின் முகம் தெரிந்தது. அதில் இரண்டு கோடுகள் எப்போது விழுந்தன என்று அவருக்குத் தெரியாது.

கெத்சியாளுக்கு விடுமுறையாக இருந்த ஒரு நாள், அவள் மேசையில் செய்தித்தாள் விரித்து உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். சொர்ணபாய் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வேதக்கண் வந்து எதிரே உட்கார்ந்தார். ஒரு கத்தியை எடுத்து, ஒரு கிழங்கைத் தடிமனாகச் சீவி அதில் பாதியை வீணாக்கினார்.

"பிள்ள."

"ம்."

"ஆஸ்டல்ல கிறிஸ்மஸ் அன்னைக்கு என்ன பண்ணுவ?"

கெத்சியாளின் கை நின்றது. இதிலிருந்து ஒரு வேத வசனத்துக்குப் போகப் போகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

"வார்டன் அக்கா எனக்குத் தலை பின்னி விடுவாங்க" என்றாள் மெதுவாக. "மத்த நாள் நாங்களே பின்னிக்கணும். அன்னைக்கு மட்டும் அவங்க பின்னுவாங்க. எண்ணெய் ரொம்ப வச்சிருவாங்க, கோயில்ல உக்காந்திருக்கும்போது நெத்தியில வழியும். திரும்பி வந்தா வாட்ச்மேன் தாத்தாவும் வார்டன் அக்காவும் நானும் ஆபீஸ் ரூம்ல உக்காந்து சாப்பிடுவோம். பெரிய ஹால்ல மூணு பேர் உக்காந்தா சாப்பிட முடியாதுன்னு அக்கா சொல்லுவாங்க, எதிரொலி கேக்குமாம்."

சொர்ணபாயின் கையில் வெங்காயம் இருந்தது. கண்ணைத் துடைக்க அது வசதியாக இருந்தது.

"அப்புறம்?" என்றார் வேதக்கண்.

"அப்புறம் எல்லா பெஞ்சு மேலயும் ஏறி நடப்பேன். ஒரு கோடில இருந்து இன்னொரு கோடி வரைக்கும். கீழ கால் வைக்காம. யாரும் இல்லல்ல, யாரும் திட்ட மாட்டாங்க."

அப்போது முன்வாசலில் யாரோ தட்டினார்கள். வேதக்கண்ணின் கைகள் தாமாகவே மேசையை ஊன்றின, பாதி எழுந்தும்விட்டார். மறுபடியும் தட்டினார்கள். கெத்சியாள் பேச்சை நிறுத்தி, அவர் போய்விட்டு வரட்டும் என்று, பழகிப்போன பொறுமையோடு அடுத்த கிழங்கை எடுத்தாள். அவர் வாசலைப் பார்த்தார், மகளின் கையைப் பார்த்தார், உட்கார்ந்தார். நாற்காலியை மேசைக்கு இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பெஞ்சு மேல நடந்த" என்றார். "விழுந்திர மாட்டியா?"

"ஒரு தடவை விழுந்தேன்ப்பா" என்றாள் கெத்சியாள். கத்தியை வைத்துவிட்டு முழங்கையைத் திருப்பி, வெளுத்துப்போன ஒரு தழும்பை அவரிடம் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். வாசலில் நின்றவர் பனியில் திரும்பி நடக்கிற சத்தம் கேட்டு ஓய்ந்தது. அவள் எந்த வகுப்பு, எந்தக் கிறிஸ்மஸ், யார் கட்டுப்போட்டார்கள் என்று சொல்லத் தொடங்கினாள். அதற்கு அடுத்த வருஷத்தைச் சொன்னாள், அதற்கு அடுத்ததையும் சொன்னாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் அடுப்புப் பற்ற வைக்கவில்லை.